பத்து விரல் மடங்கும் வரை

சூளகிரி தாண்டிப் பேருந்து நின்றிருந்தபோது, எங்கள் மையத்தின் காவலாளி முனியப்பா போன் செய்தார். "ஜெசிந்தா மேடம் போயிட்டாங்கம்மா. காலைல நெஞ்சு வலின்னாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார். நான் பேசாமல் இருந்ததால் அதையே கன்னடத்தில் சொன்னார், பிறகு தெலுங்கில். மூன்றிலும் எனக்கு ஏறவில்லை.

ஓசூரில் எங்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம் இது. எதிரே இருப்பவர் ஒரு நொடி விழித்தால் போதும், அடுத்த மொழிக்குத் தாவிவிடுவோம். கரிசனம்தான். அந்தக் கரிசனத்தை எட்டு வருடங்களுக்கு முன்பு நான் மையத்துக்குள்ளும் கொண்டுபோனேன். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான சிறிய பயிற்சி மையம் அது. மேடம் பேச்சுப் பயிற்சியாளர், நான் சிறப்பாசிரியை. மூன்று மொழியும் தடையில்லாமல் வருகிறது என்ற கர்வம் எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல. வாயும் நீளம்.

அப்போதுதான் ரத்னம்மா தன் ஏழு வயது மகள் பவானியை அழைத்து வந்தார். ஷிஃப்ட் முடிந்து, கம்பெனி யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். "இவளுக்கு ஒண்ணுமே புரியலன்னு ஸ்கூல்ல சொல்றாங்க மேடம். முழுப் பரீட்சைக்குள்ள சொன்னதக் கேட்டு நடக்கலன்னா டிசி வாங்கிக்கச் சொல்லிட்டாங்க" என்று அழுதார்.

நான் பவானியிடம், "பையத் தொறந்து, டப்பாவ எடுத்து, மேசை மேல வை" என்றேன். அவள் அசையவில்லை. தெலுங்கில் சொன்னேன். கன்னடத்திலும் சொன்னேன். அவள் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். பதிவேட்டில் 'பிடிவாதம்' என்று எழுதினேன். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

மேடம் அதைப் படித்தார். கோபம் வந்தால் அவர் குரல் இறங்கும் என்பது அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும். "கீதா, அவளுக்குக் காது நல்லாத்தான் கேக்குது. கேட்டத உள்ள புடிச்சு வெச்சுக்கற எடந்தான் சின்னது. ரெண்டு டம்ளர் தாங்கற தட்டுல நீ ஒம்போது டம்ளர் வெக்கற. விழுந்தா கொழந்தையக் குத்தம் சொல்ற."

"அப்போ வீட்டுல தெலுங்க விட்டுரச் சொல்லலாமா மேடம்?"

"அம்மா பேசற பாஷைய எதுக்கு விடணும்? தெலுங்குலயே சொல்லட்டும். சின்னதா ஒண்ணு சொல்லிட்டு, வாய மூடிக் காத்திருக்கட்டும். நாம அவசரப்பட்டு வேற மாதிரி சொல்றப்போ, முதல்ல புடிச்சதையும் அவ விட்டுடறா."

மறுநாள் செய்து காட்டினார். "பையத் தொற" என்று சொல்லிவிட்டு, மடியில் கைகளை வைத்து ஒவ்வொரு விரலாக மடக்கினார். நான்காவது விரலிலேயே என் வாய் துறுதுறுத்தது. அவர் பார்த்த பார்வையில் அடங்கிப் போனேன். எட்டாவது விரலில் பவானி பையைத் திறந்தாள். ரத்னம்மா சத்தம் வராமல் அழுதார்.

எல்லா நாளும் அப்படி நடக்கவில்லை. பத்து விரலும் மடங்கி, ஒன்றும் நடக்காத நாட்கள் நிறைய. "பத்து பத்தலன்னா இன்னொரு பத்து இருக்கு" என்று மேடம் விரல்களை விரித்து முதலிலிருந்து ஆரம்பிப்பார். பள்ளிக்கும் போய், வகுப்பு ஆசிரியையின் பக்கத்தில் ஒரு வாரம் உட்கார்ந்தார். போகப்போக பவானியும் தானாக விரல் மடக்கப் பழகிக்கொண்டாள். டிசி வாங்க வேண்டி வரவில்லை. இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்.

அடக்கத்தன்று ரத்னம்மா அவளை அழைத்து வந்திருந்தார். பெட்டியருகே நின்ற ஒருவர், "பூவப் போட்டுட்டு, கும்பிட்டுட்டு, இந்தப் பக்கம் வாம்மா" என்றார். உடனே கன்னடத்திலும் ஆரம்பித்தார். நான் கையைத் தூக்கி அவரை நிறுத்தினேன்.

பவானி மேடத்தின் முகத்தையே பார்த்தாள். "மேடம், எந்திரிங்க" என்றாள். சொல்லிவிட்டு விரல்களை மடக்கத் தொடங்கினாள்.

பத்தும் மடங்கின. விரல்களை விரித்து, மறுபடியும் முதலிலிருந்து மடக்கினாள். அதுவும் முடிந்த பிறகு பூவை வைத்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நேற்று மையத்துக்குப் புதிதாக ஒரு குழந்தை வந்தது. "உக்காரு" என்றேன். மேடம், உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதற்குப் பிறகு வந்த அமைதியைத்தான். வாயை மூடிக்கொண்டு, மடியில் முதல் விரலை மடக்கினேன்.