பரிசல்துறைக்கு இரண்டாவது சாட்சி

தகவல் திரட்டும் தொழிலுக்கு வருகிறவன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தனக்குத் தெரிந்தது எதுவும் அங்கே செல்லாது என்பதைத்தான். கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்து, எதை நம்புவது, எதை எழுதுவது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் உங்களுக்கு இது ஆறுதலாக இருக்கும். உங்களுக்கு முன்னால் நானும் அங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மிச்சத்தைத் துண்டுப் பிரசுரங்களில் படித்தேன். பிறகு நானே அவற்றை எழுதினேன். சிறைக்கும் போனேன். யுத்தம் முடிகிற சமயத்தில் வெளியே வந்து பார்த்தால், மறியல் நடந்தபோது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவர்களெல்லாம் கதர் உடுத்திக்கொண்டு கமிட்டிகளில் அமர்ந்திருந்தார்கள். எனக்கு நாற்காலி மிச்சமில்லை. அப்போது சேலத்தில் ஒரு கல்லூரியில் விசுவநாதன் என்ற பொருளாதார விரிவுரையாளர், யுத்தகாலத்தில் தறிக்கு நூல் கிடைக்காத பஞ்சத்தைப் பற்றி ஓர் ஆராய்ச்சிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். நெசவுத் தெருக்களில் பழக்கமுள்ள ஆள் வேண்டும் என்று என்னை உதவிக்கு வைத்துக்கொண்டார்.

நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் சம்பளம் அல்ல. காவிரிக் கரையில் ஒரு நெசவூர். பெயரைச் சொல்லமாட்டேன், ஏன் என்பது போகப் போகத் தெரியும். நெசவாளருக்கு ரேஷன் கார்டுக்குக் கிடைக்க வேண்டிய நூலை அந்த ஊர் வியாபாரி ஒருவர் சிப்பம் சிப்பமாகப் பரிசலில் ஏற்றி அக்கரைக்குக் கடத்தினார். ஒரு விடியற்காலையில் நாங்கள் பரிசல்துறையை மறித்தோம். போலீஸ் தடியடியில் முதலில் விழுந்தவன் நான். அந்த ரத்தம் எந்தச் சரித்திரத்திலும் ஏறவில்லை. இந்தப் புத்தகத்திலாவது அது ஏற வேண்டும், என் பெயரோடு ஏற வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

பருத்திக்குள் துயரம்

நூலகத்தில் முதல் நாளே மூச்சுத் திணறியது. அலமாரியில் புத்தகம் தேடக்கூடாதாம். சின்னச் சின்ன அட்டைகள் நிறைந்த ஒரு மரப்பெட்டியில் தேட வேண்டுமாம். "நெசவாளர் துயரம்" என்று தேடினேன், இல்லை. "நெசவாளர் பட்டினி" இல்லை. "வியாபாரிகளின் அக்கிரமம்" என்று ஒரு தலைப்பே அந்தப் பெட்டியில் இல்லை. இது யாருடைய பணத்தில் நடக்கும் நூலகம் என்று உரக்கவே கேட்டுவிட்டேன்.

நூலகர் திருச்செங்கோட்டுக்காரர். குப்புசாமி என்று பெயர். எத்தனை சத்தம் போட்டாலும் குரலை உயர்த்தாதவர். அவர் எழுந்து வந்து "கைத்தொழில்கள்" என்ற இழுப்பறையைத் திறந்து, "பருத்தி" என்ற அட்டைக்குப் பின்னால் விரலை விட்டு ஒரு கொத்து அட்டையை வெளியே எடுத்தார். எல்லாம் நான் தேடியதுதான். "ஏனுங்க, நீங்க கோவத்தை வெச்சுத் தேடறீங்க. இங்க சரக்கை வெச்சுத்தானுங்க அடுக்கியிருக்குது. உங்க துயரமெல்லாம் பருத்திக்குள்ளதானுங்க இருக்குது" என்றார்.

யார் சொன்னது?

பருத்திக்குள் எல்லாம் இருந்தது, எங்கள் பரிசல்துறையைத் தவிர. அதனால் என்ன, நான்தான் இருக்கிறேனே என்று அந்த விடியற்காலையை நானே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிப்பங்கள், பரிசல், மணலில் நின்ற கூட்டம், தடி, என் மண்டை. எல்லாம் இருந்தது. விசுவநாதன் முழுவதையும் மரியாதையாகப் படித்தார். படித்துவிட்டு, "இது யார் சொன்னது?" என்று கேட்டார்.

எனக்குக் கேள்வியே புரியவில்லை. "நான் சொல்கிறேன். அடி வாங்கியவன் நான்" என்றேன். தழும்பையும் காட்டினேன். அவர் தழும்பைக் கூர்ந்து பார்த்தார். நெடுநாள் காவலில் கிடந்தபோதுகூட ஒரு இன்ஸ்பெக்டர் என் பேச்சை இப்படித் தட்டிவிட்டதில்லை. அந்த மனிதர் நான் பொய் சொல்கிறேன் என்றாவது சொன்னார். இவர் அதையும் சொல்லவில்லை. "தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் சொன்னதாக எழுதலாம். நடந்ததாக எழுத வேண்டுமென்றால் இன்னொருத்தர் சொல்ல வேண்டும்" என்றார்.

மூன்று ஊர்ச் சாட்சி

இன்னொருத்தர்தானே? எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சமயத்தில் நான் எழுதிய பிரசுரத்தைச் சங்ககிரியில் அச்சிட்டார்கள், ராசிபுரத்தில் அச்சிட்டார்கள், ஆத்தூரிலும் அச்சிட்டார்கள். எங்கள் பிரசுரங்களின் அடியில் "படித்தவர் மீண்டும் அச்சிட்டுப் பரப்புக" என்று போடுவது வழக்கம். யார் எழுதியது என்று யாரும் கேட்பதில்லை, யாரும் அனுமதி வாங்குவதில்லை. அலைந்து திரிந்து மூன்றையும் தேடிப் பிடித்து, மேசையில் வரிசையாக வைத்தேன். மூன்று ஊர் சேர்ந்து சொல்வது பொய்யாகுமா?

விசுவநாதன் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். "மூன்றும் ஒரே ஆள் எழுதியது" என்றார். "ஆமாம், நான்தான் எழுதினேன். ஆனால் பிடிபட்டால் சிறை என்று தெரிந்தும் அந்த அச்சகக்காரர்கள் அச்சிட்டார்களே, அது கையெழுத்துப் போட்ட மாதிரி இல்லையா?" என்று கேட்டேன். இன்றைக்கும் எனக்கு அது நல்ல கேள்வியாகத்தான் படுகிறது. அவர் மூன்றையும் ஒன்றாக அடுக்கினார். "அவர்களுடைய துணிச்சலுக்கு இது சாட்சி. பரிசலுக்குச் சாட்சி இல்லை" என்றார்.

பிறகு ஆத்தூர்ப் பிரசுரத்தை மட்டும் தனியாக எடுத்து மறுபடி படித்தார். உள்ளூர்ப் பெயர் இருந்தால்தான் உள்ளூர்க்காரன் படிப்பான் என்று, ஒவ்வொரு அச்சகத்திலும் சம்பவம் நடந்த ஊரின் பெயரை எடுத்துவிட்டுத் தங்கள் ஊரின் பெயரைச் சேர்ப்பதும் எங்களிடம் உண்டு. ஆத்தூர்க்காரர் அப்படித்தான் செய்திருந்தார். ஊரை மாற்றியவர் ஆற்றை மாற்ற மறந்துவிட்டார். விசுவநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "காவிரி எப்போது ஆத்தூருக்கு வந்தது?"

பரப்புதல்

கோபத்தில் பரிசல்துறையைக் கொஞ்சநாள் ஒதுக்கிவைத்துவிட்டு, அவர் கேட்டிருந்த வேறொரு வேலையை முடித்தேன். நூல் விலையைப் பற்றி ஒரு குறிப்பு. நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தில் மிக அழகாக எழுதியிருந்தார்கள். அதைவிட நன்றாக என்னால் எழுத முடியாது என்பதால், அப்படியே எடுத்து என் குறிப்பில் சேர்த்தேன். நல்ல வார்த்தை எல்லோருக்கும் சொந்தம் என்று வளர்ந்தவன் நான்.

விசுவநாதன் படிக்கும்போதே அவர் முகம் மாறியது. அலமாரிக்குப் போய் அதே புத்தகத்தை எடுத்துவந்து என் தாளுக்கு அருகே விரித்துவைத்தார். "எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரிடம் எடுத்தோம் என்று அடியில் எழுதிவிடுங்கள்" என்றார். "எங்கள் இயக்கத்தில் இதற்குப் பரப்புதல் என்று பெயர்" என்றேன். அவர் புத்தகத்தை மூடினார். "இங்கே இதற்குத் திருட்டு என்று பெயர்."

அவர்களுடைய பரப்புதல்

எதிர்த்தரப்பையும் பார்க்க வேண்டும் என்றார் விசுவநாதன். பார்த்தேன். அந்த நாளைப் பற்றிய சர்க்கார் அறிக்கை கிடைத்தது. "துறையில் நூல் எதுவும் காணப்படவில்லை. கூடிய சிலர் அமைதியாகக் கலைந்து சென்றனர்." ஒரு பெரிய பத்திரிகையும் கிடைத்தது. அதிலும் நூல் இல்லை, அமைதி இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. இரண்டு பேர் அவர்கள் பக்கம். என் பக்கம் நான் ஒருவன்.

வயிற்றெரிச்சலோடு இரண்டாம் முறை படித்தபோது சட்டென்று ஒன்று தெரிந்தது. பத்திரிகைச் செய்தி வரிக்கு வரி அந்த அறிக்கையேதான். நிருபர் துறைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நூலகம் என்பதையும் மறந்து கைதட்டிவிட்டேன். குப்புசாமி ஓடிவந்து இரண்டையும் வாங்கிப் பார்த்தார். என் சந்தோஷத்தில் அவர் கலந்துகொள்ளவில்லை. "அப்ப ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு சாட்சிதானுங்க. கேசு நிக்காதுங்க" என்றார்.

எல்லோரும் பார்த்தார்கள்

என்னோடு மறித்தவர்கள் சிறைக்குப் பிறகு திசைக்கொருவராகச் சிதறிவிட்டதால், இனி ஊருக்கே போய்க் கேட்பது என்று முடிவாயிற்று. நெசவுத் தெருவில் வீடு வீடாகப் போனேன். "அன்றைக்கு வியாபாரி நூலைப் பரிசலில் ஏற்றியதைப் பார்த்தீர்கள் அல்லவா?" என்று கேட்டேன். பார்த்தோமுங்க என்றார்கள். "போலீஸ் என்னை அடித்ததைப் பார்த்தீர்கள் அல்லவா?" அதையும் பார்த்தோமுங்க என்றார்கள். தறிக்குழியில் கால் வைத்தபடியே, தறியில் குறுக்கே ஓடும் நாடாவைக்கூட நிறுத்தாமல் சொன்னார்கள். தாள் நிறையச் சாட்சி சேர்ந்தது. எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

கடைசி வீட்டில் ஓர் இளைஞர் மற்றவர்களைவிட விவரமாகச் சொன்னார். தடி எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதுவரை சொன்னார். விடைபெறும்போதுதான், பேச்சுவாக்கில், யுத்தம் முடியும்வரை தான் பம்பாயில் மில் வேலையில் இருந்ததாகச் சொன்னார். அப்படியானால் பரிசலை எப்படிப் பார்த்தீர் என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் கூசவில்லை. "எங்களுக்காக ஜெயிலுக்குப் போன ஆளு, இத்தனை தூரம் வெயில்ல வந்து கேக்கறீங்க. இல்லைன்னு எப்படிங்க சொல்றது?"

பாவாயி

அந்தத் தாள்களைக் கிழித்தபின் ஒரே ஒரு வீடு பாக்கி இருந்தது. நான் அடிபட்டுக் கிடந்தபோது என்னைத் தூக்கிக்கொண்டுபோய், நாள்கணக்கில் கஞ்சி ஊற்றிக் காப்பாற்றிய வீடு. அந்த அக்காவைப் பாவாயி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அவள் பெயர் இல்லை. நன்றிக்கடன் உள்ள இடத்தில் சாட்சி கேட்பது எனக்குப் பிடிக்காததால்தான் கடைசிவரை தள்ளிப்போட்டேன். இந்தத் தடவை பட்ட அறிவோடு, எதையும் நானாக எடுத்துக்கொடுக்காமல், "அக்கா, அன்னைக்கு என்ன பார்த்தீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"உன்னத்தான் பார்த்தேன், சாமி. வெடிஞ்சும் வெடியாம தண்ணிக்குப் போனேன், நீ அடிபட்டு மணல்ல குப்புறக் கெடந்தே. தூக்கறப்பத்தான் தலை நிமுந்தேன். பரிசல்ல ஏழெட்டுச் சிப்பம். அதுமேல நூல் மொதலாளியே குந்தியிருந்தாரு. என்னைப் பார்த்துட்டு அந்தப் பக்கமாத் திரும்பிக்கிட்டாரு" என்றாள். சர்க்கார் இல்லை என்று சொன்ன நூல், சர்க்கார் இல்லை என்று சொன்ன அடி, இரண்டும் ஒரே வாயில்! எழுத ஆரம்பித்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அவளுடைய மருமகன் இப்போது அதே வியாபாரியிடம்தான் நூல் வாங்கி நெய்கிறான். பேர் வெளியே வந்தால் மறுநாள் தறி நின்றுபோகும். மகள் பிள்ளைகளோடு தெருவில் நிற்பாள். "உங்க பேரைப் போடமாட்டேன், அக்கா. ஒரு நெசவுப் பெண் என்றுதான் எழுதுவேன். என் பேரை மட்டும் போட்டுக்கொள்கிறேன்" என்றேன். எனக்கு அது பெரிய நியாயமாகத் தோன்றியது. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லாததுதான் எனக்கு வலித்தது. "உன்ற பேரைப் போட்டா என்ற பேரைப் போட்ட மாதிரிதான் சாமி. உன்ன யாரு தூக்கிட்டுப் போனாங்க, நீ எங்க ஊட்டுல கெடந்தியேன்னு ஊருக்கே தெரியுமே."

எழுதாத பெயர்

சேலம் திரும்பினேன். விசுவநாதனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த அம்மாள் பெயரைத் தவிர. அவர் இரண்டு வழி இருப்பதாகச் சொன்னார். என் பெயரும் அடியும் நூலும் சேர்ந்தே உள்ளே போகலாம். அப்போது அவள் யாரென்று ஊர் கண்டுபிடிக்கும். இல்லையென்றால் நானும் என் அடியும் வெளியே நிற்க, நூல் கடத்தப்பட்டது மட்டும், தண்ணீருக்கு வந்த ஒரு பெண் பார்த்ததாக உள்ளே போகலாம். தண்ணீருக்கு ஊரில் எல்லாப் பெண்களும்தான் போகிறார்கள். "உங்கள் தலையில் விழுந்த அடி. நீங்களே முடிவு செய்யுங்கள்" என்றார்.

தடியடியின்போது நான் யோசித்ததில்லை, சிறையில் மன்னிப்புக் கடிதம் நீட்டியபோதும் யோசித்ததில்லை. அந்த மேசையில் வெகுநேரம் யோசித்தேன். யாருக்காக அடி வாங்கினேனோ அவர்களுடைய தறியை நிறுத்தித்தான் அந்த அடியை நிரூபிக்க வேண்டுமா? இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. பேனாவை வாங்கி என் பெயரை நானே அடித்தேன். அதற்கு மேலும் கீழும் இருந்த வரிகளையும் அடித்தேன்.

புத்தகம் வெளிவந்தது. அந்த ஊர் "காவிரிக் கரையில் ஒரு நெசவூர்" ஆயிற்று. நூல் பரிசலில் போனது ஒரு வரியாக, நடந்ததாகவே, அச்சில் நின்றது. நூலகத்துக்கு வந்த பிரதியைக் குப்புசாமிதான் முதலில் படித்தார். அட்டை முதல் அட்டை வரை இரண்டு முறை புரட்டினார். என் பெயரைத் தேடுகிறார் என்று தெரிந்தது. கடைசியில் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, மனம் நோகாதபடி மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க, அன்னைக்கு நீங்க ஊர்ல இல்லீங்களா?"

ஊர் ஊராக என் அடியை அச்சிட்டுப் பரப்பிய நான், கல்லூரியில் கற்றுக்கொண்ட ஆராய்ச்சி இவ்வளவுதான்: உண்மையை உள்ளே விட்டுவிட்டு நான் வெளியே நிற்பது.