கூடைக்கு முன்னால் விழுந்த பந்துகள்

கச்சிராயபாளையம் செபாஸ்தியானின் மகள் நான்சி மெக்கானிக்கல் எடுத்தபோது, சொந்தக்காரர்களில் வாய்விட்டுச் சிரிக்காதவர்கள் கம்மி. செபாஸ்தியான் கரும்பு வெட்டுக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகிறவர். அந்தப் படிப்பு இன்னதென்று அவருக்குத் தெரியாது. பொண்ணு ஆசைப்பட்டது, கள்ளக்குறிச்சிக்கு வெளியே இருந்த ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்துவிட்டார். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். பாதி பெஞ்சு காலியாகவே கிடந்தது.

கடைசி வருஷத்தில் கோயம்புத்தூரில் ரோபோ போட்டி வந்தது. வண்டி தானாக ஓடிப்போய் பந்தை எடுத்து, தள்ளி நிற்கும் கூடையில் எறிய வேண்டும். துறைத் தலைவர் தனசேகரன் நான்சியையும் அவளோடு படித்த முதஸ்ஸிரையும் கூப்பிட்டார்.

"மேனேஜ்மென்ட்ல நம்ம பிரான்ச்சையே மூடிடலாம்னு பேசிக்கினு இருக்காங்க. ஒரு பிரைஸ் வந்துச்சுன்னா நானும் போய்க் கேக்கலாம்" என்றார். அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

முதஸ்ஸிர், கடைவீதியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஜமால் முகமதுவின் பையன். சக்கரமும் ஒயரிங்கும் அவன் வேலை. எறிகிற வேலையை நான்சி எடுத்துக்கொண்டாள்.

முதலில் சைக்கிள் டியூபை அறுத்து கவண் மாதிரி கட்டினாள். காலையில் கூடையில் விழுந்த பந்து, வெயில் ஏறினதும் முன்னாலேயே விழுந்தது. சூட்டில் ரப்பர் தளர்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ஜமால் முகமது கடையிலிருந்து வந்த எஃகு ஸ்பிரிங்கைப் போட்டாள். அதை இழுத்துப் பிடித்து, சரியான நேரத்தில் விடுவதுதான் பெரிய பாடாக இருந்தது. கொக்கி வைத்தாள், முனை தேய்ந்து நழுவியது. யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு இரும்புத் தகட்டை நத்தை ஓட்டு வடிவத்தில் அறுத்தாள். மோட்டார் சுற்றச் சுற்ற, அதன் விளிம்பு எறிகிற கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அழுத்தும். ஸ்பிரிங் நீளும். விளிம்பு சட்டென்று முடிகிற இடத்தில் கை விடுபட்டு மேலே பாயும். ஒரு சுற்றுக்கு ஒரு பந்து.

பழைய டென்னிஸ் பந்துகளைப் போட்டுப் பார்த்தார்கள். எல்லாமே கூடையில் விழுந்தன. முதஸ்ஸிர் பட்டறைத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தான்.

"நத்தை இன்னா வேகமா எறியுது பாரு நான்சி!"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. அப்படி ஒரு நாள் அதற்கு அப்புறம் அவளுக்கு வாய்க்கவில்லை.

போட்டிக்கு முந்தின நாள் பஸ் ஏறும்போது, நீட்டிக்கொண்டிருந்த எறிகிற கை டிக்கியில் அடங்கவில்லை. கண்டக்டர் கத்தினார். நான்சி டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் முதஸ்ஸிர் கையைக் கீழே இழுத்துக் கயிற்றால் கட்டி, சாக்கைச் சுற்றி உள்ளே தள்ளிவிட்டான். கோயம்புத்தூரில் போட்டி நடக்கும் இடத்தில் சாக்கைப் பிரிக்கும்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். அவிழ்க்கப் போவதற்குள் போட்டி நடத்துகிறவர்கள் வண்டிகளையெல்லாம் வாங்கி அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். மறுநாள் காலைவரை ஸ்பிரிங் இழுபட்டபடியே கிடந்தது.

களத்தில் அவர்களுக்குப் புதுப் பந்துகளைக் கொடுத்தார்கள். வண்டி அழகாக ஓடிப் போய் நின்றது. நத்தைத் தகடு சுற்றியது. முதல் பந்து கூடைக்கு ஒரு சாண் முன்னால் விழுந்தது. இரண்டாவதும் அதே இடம். நான்சி ஓடிப்போய் ஸ்பிரிங்கை இறுக்கும் போல்ட்டை முறுக்கினாள். மூன்றாவது பந்து கூடையைத் தாண்டிப் போனது. விசில் ஊதிவிட்டார்கள்.

"ஐடியா நல்லா இருக்கும்மா" என்றார் நடுவர். அடுத்த அணியைக் கூப்பிட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் முதஸ்ஸிர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தான். சேலம் தாண்டித்தான் வாய் திறந்தான்.

"நான் கட்டுனதாலயா நான்சி?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பந்து புதுசு. அதனாலும் இருக்கலாம். ஸ்பிரிங் தளர்ந்தும் இருக்கலாம். அளந்து பார்க்காமல் எப்படிச் சொல்வது?

"தெரியல" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். அதற்கப்புறம் அவன் அவளிடம் சரியாகப் பேசவில்லை.

திங்கட்கிழமை போய் ஸ்பிரிங்கை அளந்துவிடலாம் என்று இருந்தாள். பட்டறையில் பூட்டு தொங்கியது. தனசேகரன் சார் வேறு கல்லூரிக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார். "பிரைஸ் வந்திருந்தாலும் மூடியிருப்பாங்கம்மா. மனச விட்டுடாத" என்றார். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை.

பரீட்சை முடிந்தது. வேலைக்கு அலைந்தாள். போன இடமெல்லாம் ஆம்பளப் பசங்கதான் வேணும் என்றார்கள். கடைசியில் கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடை ஒன்றில் பில் போட உட்கார்ந்தாள். "உக்காந்து பாக்கற வேலதானே, போதும்" என்றாள் அம்மா இசபெல்லா. எதற்குப் போதும் என்று நான்சி கேட்கவில்லை.

சர்டிபிகேட் வாங்கக் கல்லூரிக்குப் போனபோது, பட்டறைக்குப் பின்னால் புல்லில் பந்து எறிகிற அந்தக் கை கிடப்பதைப் பார்த்தாள். துருப்பிடித்திருந்தது. மோட்டாரையும் ஸ்பிரிங்கையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வெறும் கையை வைத்துக்கொண்டு எதை அளப்பது? கொஞ்ச நேரம் அங்கேயே குந்தியிருந்தாள்.

அன்று சாயங்காலம் ஹார்டுவேர் கடைக்குப் போனாள். ஜமால் முகமது மட்டும் இருந்தார்.

"முதஸ்ஸிர் இல்லீங்களா அங்கிள்?"

"அவன் மஸ்கட் போயி ரெண்டு மாசம் ஆவுதேம்மா. உங்கிட்ட சொல்லலியா?" என்றார். கொஞ்சம் தயங்கி, "கோயம்புத்தூர்லருந்து வந்ததுலருந்து அவன் அவனா இல்ல. கடைக்கும் வர மாட்டேன்னுட்டான். அங்க இன்னாதாம்மா நடந்துச்சு?" என்று கேட்டார்.

"தோத்துட்டோம் அங்கிள். அவ்ளோதான்."

புது நம்பரை எழுதிக் கொடுத்தார். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே டைப் செய்தாள்: 'ஸ்பிரிங்க அளந்து பாத்துட்டேன். சரியாதான் இருந்துச்சு. நீ கட்டுனதால இல்ல.'

பொய். அனுப்பிவிட்டாள்.

அணைக்கட்டு ரோட்டில் பஸ் திரும்பும்போது அவன் படித்துவிட்டதாகப் போன் காட்டியது. வீடு வந்து சேரும்வரை கையிலேயே வைத்திருந்தாள். பதில் வரவில்லை. அவளுடைய 'தெரியல'வை 'ஆமாம்' என்றே எடுத்துக்கொண்டவன். இப்போது இதை நம்பினானா இல்லையா என்பதும் அவளுக்குத் தெரியாது.

மறுநாள் முகூர்த்த நாள். கடையில் கூட்டம் ஜாஸ்தி. சீக்கிரமே வரச் சொல்லியிருந்தார்கள், போனாள்.