கோட்டுக்குள் ஒரு பத்திரிகை

கறுப்புக் கோட்டின் இரண்டு பொத்தான்களுக்கு நடுவே பத்திரிகையின் வெள்ளை ஓரம் ஒரு விரலளவு வெளியே தெரிந்தது. கோட்டுக்காரர் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டு, கடைக்குள் வராமலே போனார். அந்த ஓரத்தை மறந்துவிட்டதாகப் பலமுறை நினைத்திருக்கிறேன். மறக்கவில்லை.

ஜேர்மனியின் எசன் நகர ரயில் நிலையத்துக்கு அருகே மன்னார் அண்ணை ஒருவர் நடத்திய பத்திரிகைக் கடையில் ஆறு வருடம் வேலை செய்தேன். வெளிநாட்டுப் பத்திரிகைகள் என் பொறுப்பு. எது எத்தனை வேண்டும் என்று விநியோகக்காரருக்கு எழுதுவதும், விற்காததைக் கட்டித் திருப்பி அனுப்புவதும் நான்தான். போர்த்துக்கல் பத்திரிகை ஒரேயொரு பிரதி, ஒரு நாள் பிந்தி வரும். வாங்குபவரும் ஒருவர்தான். இரும்பாலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற போர்த்துக்கல்காரர். நாங்கள் பெரியவர் என்போம்.

பெரியவர் வாங்கிக்கொண்டு பேசாமல் போகிற ஆள் இல்லை. மேசையில் விரித்து வைத்து, உடைந்த ஜேர்மன் மொழியில் எனக்கு நாட்டு நடப்பைச் சொல்லுவார். லிஸ்பன் பத்திரிகைகளுக்குத் தலைநகருக்கு வடக்கேயும் நாடு இருப்பதே தெரியாதாம். வடக்கே தங்கள் போர்ட்டோ நகரத்துப் பத்திரிகைதான் ஊரை எழுதுமாம். பந்து விளையாட்டுக்கென்றே தனி நாளிதழ்கள் உண்டாம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கழகத்தின் பக்கம் சாயுமாம். தணிக்கைக் காலத்தில் தன் தகப்பன், பத்திரிகையில் அச்சாகி வந்ததை விட்டு வராததைத்தான் வாசித்தாராம். பின்னால் வரிசை நீளும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு பனிக்காலக் காலையில், விசா நீடிப்புக்கு நான் கொடுத்த அன்ட்ராக் விண்ணப்பத்தில் ஒரு கடதாசி குறைகிறதென்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். யார் மீதாவது எரிந்து விழ வேண்டும்போல் இருந்தது. அந்த ஒரு பிரதியும் இனி வேண்டாம் என்று விநியோகக்காரருக்கு எழுதினேன். பெரியவர் வந்தபோது, அந்தப் பத்திரிகையை மூடிவிட்டார்கள் என்றேன். எத்தனையோ பத்திரிகைகள் மூடப்பட்டுக்கொண்டிருந்த காலம், நம்பிவிட்டார். கடைசி இதழில் மீன் சுற்றிவிட்டேனே என்று முணுமுணுத்தார். திருப்பி அனுப்பும் கட்டில் பழைய பிரதி ஏதாவது கிடக்கிறதா, எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார். நான் குனிந்து, தேடுவதுபோல் கட்டுகளைப் புரட்டி, இல்லையென்று கையை விரித்தேன்.

பொருளாதாரத் தடைக் காலத்து யாழ்ப்பாணத்தில், கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சடித்த பத்திரிகைக்காக விடிய முதல் வரிசையில் நின்றவள் நான். ஒரு பத்திரிகை இல்லாமல் போனால் என்னவாகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டு கிழமை கழித்து அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, அந்தப் பேப்பர் மூடேல்லையாம். நீர் நிக்காத நேரம் பெரியவர் வந்தவர். பிள்ளைக்கு ஆரோ பிழையாய்ச் சொல்லிப்போட்டினம், ஏசாதேங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போறார்."

"ஓம் அண்ணை, ஆரோ அப்பிடித்தான் சொன்னவை" என்றேன்.

திரும்ப எடுப்போமா என்று அண்ணை அவரிடம் கேட்டதற்கு, நிலையத்தின் மறுபக்கக் கடையில் கிடைக்கிறது, பிள்ளைக்கு வீண் சிரமம் வேண்டாம் என்றாராம். அதன் பிறகு தினமும் அந்தக் கடையில் வாங்கிக்கொண்டு எங்கள் வாசலால்தான் வீட்டுக்குப் போவார். முன்பு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகும் பத்திரிகையை, என் கண்ணில் படாமல் கோட்டுக்குள் செருகிக்கொண்டு. அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. வெளியே வந்து மன்னிப்புக் கேட்க எனக்குப் பத்து அடி போதும். ஒருநாளும் போகவில்லை. அடுத்த பனிக்காலத்தில் அவர் வரவில்லை. அவர் வீடு எங்கே என்றுகூட எனக்குத் தெரியாது.

எங்கள் கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி திருத்துகிறார்கள். மறுபக்கக் கடை இன்னும் இருக்கிறது. போன மாதம் அங்கே அந்தப் பத்திரிகையைக் கண்டு வாங்கினேன். ஓர் எழுத்தும் விளங்கவில்லை. கையில் பிடித்தபடி நடந்தவள், எங்கள் பழைய வாசலுக்கு வந்ததும் என்னையறியாமல் அதைக் கோட்டுக்குள் செருகினேன். உள்ளேயிருந்து பார்க்க, என்னைத் தெரிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை.