தந்தியில் இல்லாத சொற்கள்

1. பட்டாளத்து ரயிலுக்கு வழிவிட்டதில், விழுப்புரம் ஸ்டேஷனில் எங்கள் திண்டிவனம் வண்டி தாமதமாகிறது.
2. கோலியனூர் அம்மாள் ஒருவர், திண்டிவனத்திலிருந்து மருமகன் கொடுத்த இங்கிலீஷ் தந்தியை என்னிடம் நீட்டுகிறார்.
3. "மகள் சீரியஸ், உடனே வரவும்" என்று படிக்கிறேன். ஆபத்தான நிலை என்று விளக்குகிறேன்.
4. அவர் நம்பவில்லை.

"போஸ்டாபீஸுல ஒடம்பு சரியில்லன்னாங்க. டிக்கெட்டு குடுக்கறவரு ஜொரம்ன்னாரு. நீங்க ஆபத்துன்றீங்க. ஒரு வார்த்தைக்கு ஆளுக்கொரு அர்த்தமா? எல்லாரும் சேந்து மறைக்கறீங்க."

நான் தந்தி ஆபீஸில் வேலை பழகியவள் என்று சொல்லியும் பயனில்லை.

"செத்துப்போச்சுன்னு இங்கிலீஷுல எழுதுங்க. நானே பாத்துக்கறேன்."

தந்தியில் உள்ளதுபோலவே பெரிய எழுத்தில் என் நோட்டில் எழுதுகிறேன். படிக்கத் தெரியாத அவர், விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் தந்தியோடு ஒப்பிடுகிறார். அந்தச் சொல் அதில் இல்லை.

"வேற மாதிரியும் சொல்லுவாங்க இல்ல? அதையும் போடுங்க."

மொத்தம் ஐந்து சொற்கள் எழுதுகிறேன். ஐந்தும் இல்லை. அவர் முகம் தெளிகிறது. மடியிலிருந்து வறுத்த மல்லாட்டையை அள்ளி என் கையில் திணிக்கிறார். "துன்னுங்கம்மா. சந்தேகப்பட்டுட்டேன்."

வருகிறவர்கள் வழியிலேயே இடிந்துபோகக் கூடாதென்று, இறந்த பிறகும் சீரியஸ் என்றே வீட்டார் எழுதித் தருவதுண்டு. அப்படிப்பட்ட தந்திகளை நானே அடித்திருக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

வண்டி வந்துவிட்டது. அவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். கையில் உள்ள மல்லாட்டையில் ஒரு கடலையைக்கூட நான் இன்னும் உரிக்கவில்லை.