எட்டடிச் சாய்தளம்

அக்காவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகு, அவரைச் சாம்பல்தீவு வீட்டில் தனியே விட முடியாது என்று பிடிவாதமாக நின்றவன் நான்தான். அவர் கலியாணம் செய்யவில்லை. ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு முப்பது வருடத்துக்கு மேல் யாரிடமும் கை நீட்டாமல் சீவித்தவர். எனக்கோ மனைவி இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. மகள் மட்டக்களப்பில் குடும்பமாக இருக்கிறாள். துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு குறுகிய ஒழுங்கையில் இருக்கும் என் வீட்டில் நான் ஒருவன்தான்.

"வாங்கோ அக்கா, நான் பார்ப்பன்" என்றேன்.

அவர் மூன்று நாள் யோசித்தார். பிறகு, "உனக்குக் கரைச்சல் இல்லையெண்டா வாறன்" என்றார்.

என் வீட்டில் மலசலகூடமும் குளிக்கிற இடமும் பின்வளவில், கிணற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தன. சமைக்கிற குசினியின் பின்கதவைத் திறந்தால் மூன்று படிகள். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவருக்கு அந்த மூன்று படியும் ஒரு மதில்தான். அதை எல்லாரும் எனக்கு எடுத்துச் சொன்னபோது நான் கவலைப்படவில்லை. உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன் என்றே சொல்ல வேண்டும். செய்வதற்கு எனக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது.

மனைவி போன பிறகு சனி, ஞாயிறுகளில் யூடியூப்பில் வளவுவேலை வீடியோக்கள் பார்க்கத் தொடங்கியிருந்தேன். யாரோ ஒரு மனிதர் எங்கோ ஒரு நாட்டில் தன் வீட்டுக்குப் பின்னால் பலகைகளை அறுத்து, ஆணி அடித்து, ஓர் அறையைக் கட்டி எழுப்புவார். பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். முதலில் குசினிக்கு ஒரு தட்டு அடித்தேன். பிறகு ஒரு கோழிக்கூடு. கோழி வாங்கவில்லை. அதற்குப் பிறகு கட்டியதுதான் கொட்டில்: பத்தடி நீளம், தகரக் கூரை, உள்ளே ஒரு வேலைமேசை, சுத்தியலும் வாளும் ட்ரில்லும் தொங்கவிடப் பலகையில் கொளுக்கிகள். களஞ்சிய வேலை முடிந்து துறைமுகத்திலிருந்து வந்ததும் தேநீரை எடுத்துக்கொண்டு அதற்குள் போய் உட்காருவேன். சில நாட்களில் ஒன்றுமே செய்வதில்லை. சும்மா இருப்பேன்.

சாய்தளம் கட்டுவது எப்படி என்று ஒரு வீடியோ சொன்னது. ஓர் அங்குலம் உயர்வதற்கு ஓர் அடி நீளம் வேண்டும். என் பின்கதவின் உயரம் ஒன்றரை அடி. அதாவது பதினெட்டு அங்குலம். ஆகவே பதினெட்டு அடி நீளம். இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு பின்கதவில் நின்று பார்த்தேன். எட்டாவது அடியில் என் கொட்டிலின் தூண் நின்றது.

அந்த இடத்தில் நான் அதிக நேரம் நிற்கவில்லை. எட்டடியே போதும், நான் பிடித்துத் தள்ளத்தானே போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கீழே இறங்கியதும் கொட்டிலைச் சுற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போகலாம்.

பலகை அடித்துக் கொங்கிறீற் போடத் தயாரான நாளில், பக்கத்து வீட்டு மேசன் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மூதூர்ப் பக்கமெல்லாம் வீடுகள் கட்டியவர்.

"தம்பி, இது கொஞ்சம் குத்தாக் கிடக்குதே" என்றார்.

"இல்லை அண்ணை, அளந்துதான் செய்யுறன்."

"அக்கா தனிய ஏற ஏலாது. இந்தக் கொட்டிலை அங்காலை தள்ளினா நல்ல இடம் வரும். நான் வந்து கழட்டித் தாறன். காசு ஒண்டும் வேண்டாம்."

கொட்டிலைக் கழட்டலாம் என்று அவர் சொன்னதுதான் எனக்குச் சுட்டது. "அண்ணை, நீங்கள் சுவர் கட்டுற ஆள். இது வேற மாதிரி வேலை. நான் எல்லாம் படிச்சுப் பார்த்துத்தான் இறங்கினனான்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "சரி தம்பி" என்று தலையை இழுத்துக்கொண்டார்.

சாய்தளம் பார்வைக்கு அழகாகத்தான் வந்தது. வழுக்காமல் இருக்க ஈரத்திலேயே மேலே தும்புத்தடியால் பெருக்கிக் கோடு இழுத்திருந்தேன். ஒரு பக்கம் இரும்புக் குழாயில் கைபிடி வைத்து நீலப் பெயின்ட் அடித்தேன். படம் எடுத்து முகநூலில் போட்டேன். "அக்காவுக்காக என் கையால்" என்று எழுதினேன். எத்தனையோ பேர் இதயம் போட்டார்கள். மகள், "அப்பா சூப்பர்" என்று எழுதினாள். அக்கா வந்திறங்கிய அன்று நான் அவரை நாற்காலியில் வைத்து, பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு மெல்ல இறக்கினேன். என் புயங்கள் இறுகின. அக்கா இரண்டு கையாலும் நாற்காலியைப் பற்றியிருந்தார்.

"எப்பிடி?" என்றேன்.

"வடிவாக் கட்டியிருக்கிறாய்" என்றார்.

எங்கள் நாட்கள் ஓர் ஒழுங்குக்கு வந்தன. காலை ஆறரைக்கு அவரை வெளியே கொண்டு போய்க் கொண்டு வருவேன். சோறு கறி மூடி வைப்பேன். ஒரு பெரிய பிளாஸ்ரிக் ஜக்கில் தண்ணீர் நிரப்பி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பேன். ஏழு மணிக்குப் போனால் ஐந்து மணிக்குத்தான் வருவேன். அக்கா கையால் சுற்றுகிற ஒரு மெஷினை வரவழைத்து, ஒழுங்கைச் சனங்களுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கத் தொடங்கியிருந்தார். நான் வந்து செருப்பைக் கழற்ற முன்னமே, "தம்பி, ஒருக்கா வெளியாலை கொண்டு போறியே?" என்பார். அந்தக் குரலில் இருந்த அவசரத்தை நான் கவனிக்கவில்லை. ஜக்கில் தண்ணீர் காலையில் வைத்தபடியே கிடப்பதைக் கவனித்தேன்.

"தண்ணி குடிக்கேல்லையோ?"

"பிளேன்டீ குடிச்சனான். தாகம் இல்லை."

ஒருநாள் அவரது வலது கைவிரல் மொளிகளில் தோல் உரிந்திருந்தது. தேங்காய் துருவும்போது பட்டது என்றார். தேங்காய்ப் பாதியும் துருவலும் எங்கே என்று நான் தேடவில்லை.

கச்சான் காற்று வீசுகிற மாதங்கள் வந்தன. பகலில் வீட்டுக்குள் அடுப்புக்குள் இருப்பதுபோல் இருக்கும். களஞ்சியத்தில் மின்விசிறிக்குக் கீழே இருந்தே நான் மூன்று போத்தல் தண்ணீர் குடிப்பேன். அப்படியொரு நாள் வீட்டுக்கு வந்தபோது அக்கா கட்டிலில் நடுங்கிக்கொண்டு கிடந்தார். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. மேசனைக் கூப்பிட்டேன். இருவருமாகத் தூக்கி ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

சிறுநீரில் கிருமி, அது சிறுநீரகம் வரை போயிருக்கிறது என்றார்கள். "தண்ணீர் போதாது. ஏன் இவ தண்ணி குடிக்கிறேல்லை?" என்று வாட்டில் இருந்த தாதி கேட்டார். நான் அவசரமாக முன்னுக்கு வந்தேன்.

"நான் ஒவ்வொரு நாளும் ஜக் நிறைய வைச்சிட்டுத்தான் போறனான், மிஸ். சொல்லிச் சொல்லி அலுத்துப் போனன். கேக்க மாட்டா."

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா மேல்பக்கம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

அடுத்த நாள் மத்தியானம் கஞ்சியோடு போனேன். அக்காவின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. உள்ளே தாதி சேலைன் மாற்றிக்கொண்டிருந்தார் போலும். திரைக்கு வெளியே நின்றேன்.

"இப்ப ஒருத்தரும் இல்லை, சொல்லுங்கோ அம்மா. ஏன் குடிக்கிறேல்லை?"

பிறகு அக்காவின் குரல்.

"குடிச்சா வெளியாலை போகவேணுமே பிள்ளை. பகலிலை நான் தனிய. போற வழி நல்ல சரிவு. ஒருக்காப் போய்ப் பார்த்தனான். சக்கரக் கதிரை கைமீறி ஓடிப் போய்த் தூணிலை மோதிச்சுது. இறங்கின மாதிரி ஏறவும் ஏலாமல் போச்சு. வெயிலுக்குள்ளை ரெண்டு மணித்தியாலம் கிடந்து, கடைசியா இருந்த இருப்பிலை பின்னாலை பின்னாலை அரைஞ்சு ஏறினனான். பிறகு கதிரையைக் கயிறு போட்டு இழுத்து எடுத்தன்."

"தம்பியிட்டைச் சொல்லேல்லையா?"

"அவன் ஆசையாக் கட்டினவன். அவனுக்குத் தெரியாமல் கணக்குப் பிழைச்சுப் போச்சு. சொன்னா மனம் நொந்து போவான்."

"அவருக்கு மனம் நோகும் எண்டு நீங்கள் கிட்னியை நோக வைச்சிருக்கிறீங்கள்" என்றார் தாதி.

நான் உள்ளே போகவில்லை. கஞ்சியை வாட்டு வாசலில் இருந்த ஊழியர் ஒருவரிடம் கொடுத்து, கட்டில் இலக்கத்தைச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்தச் சொற்களில் என்னை அதிகம் குத்தியது இரண்டு மணித்தியால வெயில் அல்ல. தெரியாமல் பிழைச்சுப் போச்சு என்றாரே, அதுதான். எனக்குத் தெரிந்துதானே இருந்தது.

வீட்டுக்குப் போய், உடுப்பு மாற்றாமலே அக்காவின் சக்கர நாற்காலியைச் சாய்தளத்தின் அடியில் கொண்டுபோய் வைத்து, அதில் உட்கார்ந்தேன். அத்தனை மாதத்தில் ஒரு நாளும் நான் அதில் உட்கார்ந்து பார்த்ததில்லை. சக்கரங்களைப் பிடித்துத் தள்ளினேன். இரண்டு கால் இருக்கிற, மூட்டை தூக்கிப் பழகிய ஆள் நான். பாதி தூரம் ஏற முன்னம் முன்சக்கரங்கள் நிலத்தை விட்டுக் கிளம்பின. வானம் தெரிந்தது. நாற்காலியோடு மல்லாக்காக விழுந்தேன்.

சத்தம் கேட்டு மேசன் ஓடி வந்தார். என்னைத் தூக்கி இருத்தினார். முழங்கையில் இரத்தம். முன்பு சொன்னேனே என்று ஒரு சொல்லும் அவர் வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

"அண்ணை, கொட்டிலைக் கழட்ட வேணும்" என்றேன்.

"ஓம். நாளைக்குக் காலமை வாறன்" என்றார்.

நான் லீவு போட்டேன். கொட்டிலைக் கழற்ற அரை நாள் போதுமாக இருந்தது. என் சாய்தளத்தை உடைக்கத்தான் ஒரு முழுநாள் எடுத்தது, நல்ல சீமெந்து போட்டிருந்தேன். மேசன் நூல் கட்டி, மட்டம் பார்த்து, பதினெட்டு அடிக்கு மேலேயே நீட்டினார். நடுவில் களைத்தால் நிற்க ஒரு சமதரை விட்டார். இரண்டு பக்கமும் கைபிடி. அவர் சொன்னதை நான் செய்தேன். சாந்து குழைத்தேன், கல் சுமந்தேன். "தண்ணி கொஞ்சம் கூடிப்போச்சு தம்பி" என்றால் "சரி அண்ணை" என்றேன். முகநூலில் இருந்த படத்தை ஒருவருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அக்கா வீட்டுக்கு வந்தபோது கொங்கிறீற் நன்றாக இறுகியிருந்தது. பின்கதவில் நாற்காலியை நிறுத்தி நெடுநேரம் பார்த்தார்.

"கொட்டில் எங்கை?"

"கழட்டிட்டன்."

"ஐயோ, நல்ல கொட்டிலல்லோ அது."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிற வார்த்தைகள் இருந்தன. வழியெல்லாம் சொல்லிப் பழகிக்கொண்டு வந்திருந்தேன். ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது வேறு. "நீங்கள் என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் அக்கா" என்றேன். குற்றம் மறுபடியும் அவர் மடியில் போய் விழுந்தது.

"நீ கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்" என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. பிறகு சக்கரங்களைத் தானே பிடித்து மெல்ல இறங்கினார். நடுவில் நின்றார். மறுபடி இறங்கினார். கிணற்றடியைச் சுற்றிப் போய் மலசலகூடக் கதவைத் திறந்து உள்ளே போனார். கதவு சாத்தப்படுகிற சத்தம் கேட்டது. நான் குசினிக்குள் நின்று அழுதேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோப்பூரிலிருந்து சொந்தக்காரர் இரண்டு பேர் அக்காவைப் பார்க்க வந்தார்கள். மேசனும் வந்து கதிரையில் இருந்தார். பின்வளவைப் பார்த்தவர்கள், "ஆர் கட்டினது? நல்ல வேலை" என்றார்கள். அக்கா உடனே, "தம்பிதான்" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேசன் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார். "அண்ணையும் உதவி செய்தவர்" என்றேன். உதவி செய்தவர்! அந்தச் சொல்லை நான் சொன்ன விதம் இன்றைக்கும் காதில் கேட்கிறது.

அவர்கள் போன பிறகு பொறுக்க முடியவில்லை. அக்கா மெஷினுக்குப் பக்கத்தில் இருந்து ஒரு சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். நான் நிலத்தில் இருந்தேன்.

"அக்கா, முதல் கட்டினது தெரியாமல் பிழைச்சது இல்லை. பதினெட்டு அடி வேணும் எண்டு எனக்குத் தெரியும்."

ஊசி நின்றது.

"தெரிஞ்சோ?"

"ஓம்."

"பிறகேன்?"

"கொட்டிலைக் கழட்ட மனம் வரேல்லை."

அக்கா என்னை நேராகப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் முன்னால் நான் குறை சொன்னபோதுகூட அவர் முகம் அப்படி மாறவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். சட்டையை மடித்து வைத்தார். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அறைக்குள் போனார்.

இரண்டு நாள் அவர் என்னோடு கதைக்கவில்லை. நான் வைத்த சோற்றைச் சாப்பிட்டார். தண்ணீரைக் குடித்தார். ஜக் பின்னேரத்தில் காலியாக இருந்தது. என்னை ஒன்றுக்கும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய தேவையும் இப்போது இல்லை.

மூன்றாம் நாள் காலை நான் செருப்புப் போடும்போது, "வரேக்கை கறுப்பு நூல் ரெண்டு வாங்கிக்கொண்டு வா" என்றார். கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னார், என்னைப் பார்க்கவில்லை.

களஞ்சியத்தில் அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. பின்னேரம் கடைக்குப் போய்க் கறுப்பு நூலில் எத்தனை வகை இருக்கிறது என்று தெரியாமல் முழித்தேன். கடைக்காரரிடம், "என்ன துணிக்கு எண்டு கேட்டுச் சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு, அங்கேயே நின்று அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.