ஏழாம் நம்பர் மலையின் புளியாரை

ஒரு வாரமாக எங்கள் வீட்டில் ஒரு பூச்சட்டியை முன்னிட்டு மௌன யுத்தம் நடக்கிறது. பக்கத்து வீட்டு ஆசிரியை என் மனைவிக்குக் கொடுத்த சட்டி. மூன்று மூன்றாக இலை, மெல்லிய தண்டின் நுனியில் ரோஜா நிறத்தில் சின்னச் சின்னப் பூக்கள். அவள் அதை வாசற்படியருகே வைக்கிறாள். நான் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோகிறேன். மறுநாள் காலையில் அது மறுபடி வாசலில் நின்று என்னைப் பார்க்கிறது. நேற்றுக் கேட்டே விட்டாள்: "பூவப் பாத்தா யாருக்காச்சும் மொகம் சுருங்குமாங்க?"

இத்தனை வருட இல்லறத்தில் நான் கற்ற ஒரே வித்தை, பதில் தெரிந்த கேள்விக்கும் தெரியாதவன்போல் நிற்பது. அப்படியே நின்றேன். உங்களிடம் சொல்லலாம். நீங்கள் என்னோடு குடித்தனம் செய்பவர் அல்லவே.

அவள் உள்ளே போனதும் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டேன். புளிப்பு. நாக்கில் அது பட்ட கணத்தில், நான் இப்போது குடியிருக்கும் ஹட்டன் மறைந்துவிட்டது. நனைந்த கம்பளியின் வாடை வந்தது. பொகவந்தலாவைக்கு மேலே, மழை ஓய்ந்த சரிவில், புல் செதுக்கும் சுரண்டி கல்லில் உரசும் கிரீச்சென்ற சத்தம் வந்தது.

முப்பதுகளின் தொடக்கம். தேயிலை விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம். நான் அங்கே தோட்டத்து ஆபீஸில் சின்னக் கிளாக்கர். வயது இருபது, மீசை அரை, அறிவு ஒன்றே முக்கால் என்று எனக்கு நினைப்பு. அந்த நினைப்புக்குக் காரணம் ஒரு புத்தகம். துரை பங்களாவில் கழித்துப்போட்ட குப்பையில் எனக்குக் கிடைத்த செடிநூல் அது, ஆங்கிலத்தில், படங்களோடு. பிற்பாதியைப் பூச்சி தின்றிருந்தது. முற்பாதியில் செடிகள் எப்படி வளர்கின்றன என்று இருந்தது. எப்படிப் பெருகுகின்றன என்பது பிற்பாதியில் இருந்திருக்க வேண்டும். நான் முற்பாதியை மட்டும் படித்துவிட்டு, முழுப் புத்தகமும் படித்தவனாக நடமாடினேன். இந்த வழக்கம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை என்பது வேறு கதை.

அந்த நாளில் தோட்டத்தில் புல் வெட்டுவதை ஆளுக்கு ஒரு பங்காகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். 'மலை' என்றால் தேயிலை நட்ட ஒரு துண்டு நிலம், ஒவ்வொன்றுக்கும் நம்பர். உன் பங்கில் தேயிலையும் வெறும் மண்ணும் மட்டுமே தெரிய வேண்டும், அவ்வளவுதான் சட்டம். தெரிகிறதா என்று பார்க்க, வெளிவேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா கம்போடு வருவார். தேயிலையைத் தவிர எல்லாப் பச்சையும் அவருக்குப் பகை. சாம்பாரில் மிதக்கும் கறிவேப்பிலையைக்கூடச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். பெருமழையில் அந்த வெறும் மண் கரைந்து, கான் என்ற வடிகால் வழியே செம்பழுப்பாய் ஆற்றுக்கு ஓடும். அதைப்பற்றி யாரும் ஒன்றும் சொன்னதில்லை. மண் போவது வானத்தின் வேலை. புல் முளைப்பது ஆளின் குற்றம்.

ஏழாம் நம்பர் மலையின் கீழ்ச்சரிவு அங்கம்மாவின் பங்கு. நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷனையும் ஒரு பிள்ளையையும் அந்தத் தோட்டத்து மண்ணிலேயே அடக்கம் செய்தவர். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. எப்போதோ ஆலையில் நசுங்கியவை. கொழுந்து பறிக்க விரல் வேண்டும். அதனால் அவர் பெயர் கொழுந்துக் கணக்கில் இல்லை. சுரண்டி பிடிக்க உள்ளங்கையும் மூன்று விரலும் போதும். பதினொரு வருடமாக அந்தச் சரிவுதான் அவருக்கு லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், ஒரு அறையைக் கொடுத்திருந்தது. பங்கு போனால் அறையும் போகும். தோட்டத்தில் அது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

இப்போது யோசித்தால், அந்தச் சரிவில் எல்லா உயிரும் அப்படித்தான் இருந்தது. கான் ஓரத்து ஈரத்தை வல்லாரை பிடித்துக்கொண்டது. தேயிலைத் தூரின் நிழல் விழாத இரண்டடி இடைவெளியில் புல் தலைநீட்டிப் பார்த்தது. நமது பழைய புளியாரை, மஞ்சள் பூப் பூப்பது, மண்ணோடு மண்ணாகப் படர்ந்து சுரண்டியின் கண்ணுக்குத் தப்பப் பார்த்தது. மற்றது விட்டுவைத்த இடத்தில்தான் ஒவ்வொன்றும் பிழைத்தது. அங்கம்மா அந்த மஞ்சள் புளியாரையை ஒரு பாறையின் மறைவில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு விட்டுவைத்திருந்தார், துவையலுக்கு. கண்டாக்கையாவின் கம்பு அந்தப் பாறையைச் சுற்றி வளைந்து போகாது.

ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு சரிவின் மேல்விளிம்பில் ரோஜாப் பூக்கள் தென்பட்டன. அதற்கு மேலே வேலி. வேலிக்கு அப்பால் துரைசாணியின் பூந்தோட்டம். அழகாகத்தான் இருந்தது. மறு மாதம் அழகு பத்து வரிசை கீழே இறங்கியிருந்தது.

அங்கம்மா ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். ஒரு செடியை வேரோடு சேம்பிலையில் சுற்றி எடுத்து வந்திருந்தார்.

"ஐயா, நீங்க பொஸ்தகமெல்லாம் படிக்கிறவங்க. இது என்னா பூண்டுன்னு பாத்துச் சொல்லுங்க. மேல சொரண்டுனா மூணா நா மொளச்சி நிக்குது."

என் தாயின் வயதுள்ள ஒருவரை ஆபீஸ் வழக்கப்படி 'நீ' என்று பேசிய காலம் அது. செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இலை புளியாரைதான்; ஆனால் அடியில் சின்ன வெங்காயம்போல் ஒரு கிழங்கு. புத்தகத்தின் முற்பாதி எனக்குள் எழுந்து நின்றது.

"மேல சொரண்டுறதுல பிரயோசனம் இல்ல. அடி வரைக்கும் கெல்லு. மண்ண நல்லா ஒதறிப் போட்டுட்டு, கெழங்க மட்டும் கூடையில எடு."

"அம்புட்டுத்தானா? இதுக்கா கண்டாக்கையா அந்தக் குதி குதிக்கிறாரு!" சிரித்துக்கொண்டே போனார். மறுநாள் ஜன்னல் கட்டையில் ஒரு பிடி மஞ்சள் புளியாரை இருந்தது. துவையல் அரைத்து, ஆலோசனைக்குக் கிடைத்த முதல் மரியாதை என்று ரசித்துச் சாப்பிட்டேன்.

இரண்டு மாதம் அங்கம்மா கெல்லினார். மற்றவர்கள் வெயிலுக்கு ஒதுங்கும்போதும் கெல்லினார். சொன்னபடியே ஒவ்வொரு செடியையும் தூக்கி, தட்டி, மண்ணை உதறினார். பிறகு மழை வந்தது. மழை விட்டதும் சரிவு முழுக்க, பாறை ஓரம் உட்பட, ரோஜா நிறம்.

கண்டாக்கையா எல்லாப் பெண்களும் கேட்கும்படி சொன்னார்: "என்னா அங்கம்மா, மலையில கல்யாணப் பந்தலா போட்டிருக்க?"

அங்கம்மா நிமிரவில்லை. "மாப்பிளைய நீங்க கூட்டியாங்க, பந்தல நான் பாத்துக்கிறேன்."

சிரிப்பு மேல் வரிசைவரை போயிற்று. கண்டாக்கையாவுக்கு அப்போதுதான் பெண்சாதி ஓடிப்போயிருந்தாள் என்பது அங்கம்மாவுக்கு நினைவிருந்ததா தெரியாது. கண்டாக்கையா சிரிக்கவில்லை. அந்த வாரமே துரையிடம் ரிப்போர்ட் போயிற்று.

ரிப்போர்ட்டை நான் பார்த்த அன்று, எனக்கே தெரியாத காரணத்தால் பங்களாப் பக்கம் நடந்தேன். தோட்டக்காரர் பண்டா கல் அடுக்கிய பாத்தி ஒன்றின் அருகே குந்தியிருந்தார். பாத்தி நிறைய அதே ரோஜாப் பூ. இதைச் சுற்றி ஏன் கல் என்று கேட்டேன். சிங்களத்தில் நிதானமாக விளக்கினார். துரைசாணி சீமையிலிருந்து வரவழைத்த கிழங்காம். அடக்கமாக இருக்கும், ஆனால் கிண்டக் கூடாதாம். ஒரு தடவை கிண்டினால் பத்தாகுமாம். பாத்தியில் கூடிப்போனால் என்ன செய்வீர்கள் என்றேன். அள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்துவிடுவேன் என்று, தோட்டத்தைச் சுத்தமாக வைத்திருப்பவரின் பெருமையோடு சொன்னார்.

வேலியைத் தாண்டிச் சரிவில் இறங்கி ஒரு செடியைத் தோண்டினேன். கிழங்கைச் சுற்றிக் கடுகு கடுகாக இன்னும் இருபது குட்டிக் கிழங்குகள். இழைபோன்ற காம்பில் தொங்கின. லேசாகத் தட்டினேன். அத்தனையும் உதிர்ந்து மண்ணில் மறைந்தன.

உதறிப் போடு என்று சொன்னவன் நான்.

இன்னொன்றும் அங்கே உட்கார்ந்திருக்கையில்தான் விளங்கிற்று. பதினொரு வருடமாக அந்தச் சுரண்டி, மேலே படர்ந்தவற்றையெல்லாம் எடுத்துவிட்டது. புல் போயிற்று, வல்லாரை போயிற்று, மஞ்சள் புளியாரை ஒரு பாறை மறைவுக்கு ஒடுங்கிற்று. போட்டிக்கு ஆளில்லாத வெறும் மண்ணை அங்கம்மா தன் மூன்று விரலால் ஆயத்தம் செய்து வைத்திருந்தார். உயிரை மண்ணுக்கடியில் ஒளித்து வைத்திருக்கும் ஒன்று வந்து அதில் குடியேறிற்று. அந்த மலையில் வந்தேறாதது எது? தேயிலை வந்தது. துரை வந்தார். துரைசாணியின் கிழங்கு கப்பலில் வந்தது. நாங்களும்தான். காட்டை வெட்டிய இடத்தில் எல்லாரும் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு வேர்விட்டோம். களை என்று பெயர் வாங்குவது கடைசியில் யார் என்பதைக் கம்பு வைத்திருப்பவர் தீர்மானித்தார்.

மறுநாள் துரை ஆபீசுக்கு வந்து, அங்கம்மாவுக்குப் பத்துச்சீட்டு எழுதச் சொன்னார். தோட்டத்தைவிட்டு நீக்கிவிட்டோம் என்று கொடுக்கும் சீட்டு அது. எழுதுகிறவன் நான். சொல்வதற்கு என்னிடம் இரண்டு விஷயங்கள் இருந்தன: பூண்டு உங்கள் வீட்டிலிருந்து வந்தது; அதைப் பரப்பியது என் ஆலோசனை. இரண்டும் ஒரே நேரத்தில் தொண்டையில் முட்டிக்கொண்டதால் ஒன்றும் வெளிவரவில்லை என்று சில காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். பயந்தேன். ஆட்குறைப்பில் கிளாக்கர்களும் போய்க்கொண்டிருந்தார்கள்.

அது கஷ்டமான பூண்டு என்று மட்டும் மெல்லச் சொன்னேன்.

துரை தமது தோட்டத் தமிழில் தீர்ப்புச் சொன்னார்: "பில்லு நிக்குது. ஆள் சரியில்லே."

எழுதினேன். எனக்குக் கையெழுத்து அழகு என்று பெயர்.

அங்கம்மா மூன்று தோட்டங்களில் கேட்டுப் பார்த்தார் என்று பக்கத்து அறைப் பேச்சி சொன்னாள். அவர்கள் சீட்டைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்கள். அக்கரைக்கு, இந்தியாவுக்கு, போகிறவர்களைத் தோட்டமே அனுப்பிவைத்துக்கொண்டிருந்த சமயம். போக ஒப்புக்கொண்டு தாள் எழுத வந்தார். எழுதி முடிந்த பிறகும் ஜன்னலைவிட்டுப் போகாமல் நின்றார். என் ஆலோசனையைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க சொன்னபடிதாய்யா செஞ்சேன். இன்னங் கொஞ்சம் ஆழமாக் கெல்லியிருந்தா அடங்கியிருக்கும். எனக்குத்தான் வெரலு வளையல."

"பரவாயில்ல," என்றேன்.

நான் அவரை மன்னித்தேன், பாருங்கள்.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மழையில் மண் அரித்துப்போய்த் தேயிலையின் வேர் வெளியே தெரிகிறதாம். இனிமேல் முரட்டுப் புல்லை மட்டும் பிடுங்க வேண்டும், மண்ணைப் பிடித்து வைக்கும் மெல்லிய பூண்டுகளை, முக்கியமாகப் புளியாரை வகைகளை, அப்படியே விட வேண்டும், சுரண்டி கூடாது. அதைத் தமிழில் எழுதி, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில் வாசிக்கும்படி துரை என்னிடம் கொடுத்தார். வாசித்தேன். முடித்ததும் பின்வரிசையிலிருந்து பேச்சி கேட்டாள்:

"அப்ப அங்கம்மா என்னாங்கய்யா தப்புப் பண்ணுச்சு?"

என்னைத்தான் பார்த்தாள். கண்டாக்கையாவும் என்னைத்தான் பார்த்தார். கிளாக்கர் படித்தவராயிற்றே, பதில் சொல்லட்டும் என்பதுபோல. நான் தாளை நான்காக மடித்தேன். மலைக்குப் போங்க, நேரமாச்சு என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் கலைந்தது. பிறகு மற்றத் தோட்டத்துத் துரைமார் ஏழாம் நம்பர் மலையைப் பார்க்க வந்தார்கள். எங்கள் துரை ரோஜாச் சரிவைக் கம்பால் காட்டி, எங்களிடம் முதலிலேயே இது இருக்கிறது என்றார்.

போன மாதம் அந்தப் பக்கம் போக நேர்ந்தது. பழைய லயத்தை இடித்துவிட்டார்கள். பண்டாவின் வேலியும் இல்லை, கல் பாத்தியும் இல்லை. அடக்கி வைக்க வேண்டிய எல்லையை அந்தப் பூ எப்போதோ கடந்துவிட்டது. பாறைக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். மஞ்சள் புளியாரை ஒரு இலைகூட இல்லை. அங்கே கொழுந்து எடுத்த பெண்ணிடம் கேட்டேன். புளியாரைன்னா இந்த ரோசாப் பூதானே, மஞ்சள்ல ஏது என்றாள். முதல் நாள் பெருமழை. ஆனாலும் கானில் தண்ணீர் அடி தெரிய ஓடிக்கொண்டிருந்தது. சுற்றறிக்கை எழுதியவர்கள் சொன்னது சரிதான்.

திரும்பும் பஸ்ஸில் ஒன்றை யோசித்துக்கொண்டே வந்தேன். அக்கரைக்குப் போகும் தாளில் ஊர்ப் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. ஆறு வயதில் விட்டுவந்த ஊரின் பெயரை அங்கம்மா இரண்டு தடவை, திருத்தமாகச் சொன்னார். நான் என் அழகான கையெழுத்தில் ஒரு தடவை எழுதினேன். அந்தப் பெயர் நினைவில் இல்லை. வளைவுக்கு வளைவு ஒவ்வொரு பெயராக வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் வேறு யார் யாரோ போன ஊர்கள்.