பொட்டின் எடை

காலை ஆறேகால். கண்ணைத் திறந்ததும் முதலில் தெரிந்தது அக்காவின் சுளகு. ஹீட்டருக்கு முன்னால் இரண்டு கதிரைகளின் மேல் அதைக் குறுக்காக வைத்திருந்தார்கள். வடகமோ மிளகாயோ காயவில்லை. சுட்டு முடிந்த துப்பாக்கி ரவைகளின் பித்தளைக் கோதுகள், வாயை மேலே வைத்து வரிசையாக நின்றன. முந்தின நாள் அவற்றைப் பழப்புளி போட்டு விளக்கியிருந்தார் அத்தான். அறை முழுக்க ரசம் வைத்த வீட்டு மணம்.

1986, அக்டோபர். ஆக்லாந்தின் கிழக்குப் பக்கம், பக்குரங்காவில் அக்காவின் வீடு. கொழும்பில் ஒரு பத்திரிகையில் துணை ஆசிரியராக இருந்துவிட்டு, அந்த வருட நடுவில், அங்கத்தைய குளிர்காலத்தில்தான் நான் வந்து சேர்ந்திருந்தேன். முன்னறை சோபாதான் என் படுக்கை. மூன்று அறைகளில் ஒன்று அக்காவுக்கும் அத்தானுக்கும். மற்ற இரண்டும் மகள்மாருக்கு. மிஞ்சியது கராஜ். காரை மழையில் நிறுத்திவிட்டு, கராஜை அத்தான் வைத்திருந்தார்.

அத்தான் ஆஸ்பத்திரியில் மருந்தாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் பிஸ்டல் கிளப். கடதாசி இலக்கை வைத்து, ஒற்றைக் கையை நீட்டி, நின்று சுடுகிற போட்டி. கடையில் விற்கும் ரவைகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராது என்பது அவருடைய குற்றச்சாட்டு. அதனால் தானே செய்துகொள்வார். வெற்றுக் கோதின் அடியில் அடிபட்டதும் பொறி தட்டுகிற பற்றுமூடி ஒன்றைப் புதிதாகப் பொருத்தி, வெடிமருந்தைச் சிறு தராசில் நிறுத்து ஊற்றி, மேலே ஈயக் குண்டை வைத்து, மேசையில் பூட்டிய அழுத்தியின் கைப்பிடியை இழுப்பார். ஒரு ரவை. பிறகு அடுத்தது. குளிசை எண்ணிக் கொடுக்கிற முகம் அப்போதும் மாறாது.

பிஸ்டலையும் சும்மா விடமாட்டார். உள் பாகங்களைக் கழற்றி மெல்லிய மண்தாளால் மினுக்குவார். விசை எவ்வளவு பாரத்துக்கு இழுபடும் என்று பார்க்க, பால்மா டின்னில் தண்ணீர் நிரப்பி வெற்றுப் பிஸ்டலின் விசையில் தொங்கவிடுவார். அக்கா பால்மாவைத் தேடும்போது அது ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கும்.

இதெல்லாம் எங்கள் ஆட்களுக்கு விளங்க வைக்கக் கடினம். ஒருநாள் விருந்துக்கு வந்த ஒருவர் கை கழுவ இடம் தேடிக் கராஜுக்குள் போய்விட்டார். திரும்பி வந்து, கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்தினார்.

"எந்த இயக்கம்?"

"இயக்கமும் இல்லை, ஒண்டும் இல்லை. பிஸ்டல் கிளப்," என்றார் அத்தான்.

"ஓம் ஓம். விளங்குது," என்று அவர் அத்தானின் தோளைத் தட்டினார். போகும்போது அத்தானின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார்.

பிஸ்டலுக்கு அனுமதி கேட்டபோது பொலிஸ்காரர் ஒருவர் வந்து, அக்காவைத் தனியாக இருத்தி விசாரித்திருக்கிறார். அது நான் வருமுன். உங்கள் கணவர் இலகுவில் கோபப்படுவாரா என்பது கேள்வி. கறியில் உறைப்புக் குறைந்தால் கோபம் வரும் என்று அக்கா உண்மையைச் சொன்னாள். உறைப்பென்றால் என்ன என்று அவர் கேட்க, அன்றைய கறியில் ஒரு கரண்டி போட்டுக் கொடுத்தாள். அனுமதி கிடைத்தது.

நவம்பர் கடைசியில் கிளப்பில் நான்கு பேரைத் தெரிவுசெய்து, மற்றக் கிளப்புகளோடு மோத அனுப்புவார்கள். முந்தின இரண்டு வருடமும் அத்தான் ஐந்தாவது. நான் வந்த பிறகு அக்கா சாப்பாட்டு மேசையில் தீர்ப்புச் சொன்னாள்.

"இந்த முறை எடுபட்டா கராஜ் உங்களுக்கு. எடுபடாட்டி தம்பிக்கு. கட்டில் போட்டு, யன்னலுக்குத் திரை போடுவம். எத்தினை நாளைக்கு உவன் கால் மடக்கிப் படுக்கிறது?"

அத்தான் என்னைப் பார்த்தார். "நீர் என்ன சொல்லுறீர்?"

"அத்தான் எடுபடுவார்," என்றேன். சோபாவின் நடுவில் ஒரு கம்பி முதுகில் குத்தும். அதைப் பற்றி அப்போது பேசவில்லை.

சரஸ்வதி பூசை வந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்கு யார் எதை வைத்து வேலை செய்கிறார்களோ அதெல்லாம் சாமிக்கு முன்னால் வந்தாக வேண்டும். மகள்மாரின் பள்ளிக்கூடப் புத்தகங்கள், அக்காவின் தையல் மெஷின், என் அகராதி. அத்தானின் அழுத்தியையும் தராசையும் நானும் அவருமாகத் தூக்கி வந்து வைத்தோம். எல்லாவற்றுக்கும் அக்கா சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள்.

"துவக்கு எங்கை?"

"சுடவும் துடைக்கவும் தவிர அது இரும்புப் பெட்டியை விட்டு வெளியில வராது. சட்டம்."

"சரஸ்வதி போய்ப் பொலிசிலயே சொல்லப்போறா?"

அத்தான் அசையவில்லை. அக்கா கராஜுக்குப் போய் இரும்புப் பெட்டியின் கதவில் பொட்டு வைத்துவிட்டு வந்தாள். அடுத்தது தராசு.

"அதில மட்டும் கை வைக்காதையும்," என்றார் அத்தான்.

அந்தத் தராசு அவருடைய உயிர். ஒருமுறை சுழியத்தைச் சரிபார்த்து, இனி யாரும் திருகக்கூடாது என்று திருகாணியின் மேல் அக்காவின் நகப்பூச்சில் ஒரு துளி விட்டு இறுக்கியிருந்தார். அன்றிலிருந்து அதை அவர் மறுபடி சோதித்ததில்லை. சோதிப்பது தன்னையே சந்தேகிப்பது போல.

அக்கா சரி என்றாள். ஆனால் பூசையில் வைத்த ஒரு பொருளைப் பொட்டில்லாமல் விட அவளுக்கு மனம் வரவில்லை. அத்தான் கற்பூரம் எடுக்கப் போன நேரத்தில், தராசின் சின்னத் தட்டைத் தூக்கி, கண்ணுக்குத் தெரியாதபடி அடிப்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்து, திரும்பவும் கொளுவிவிட்டாள். அவர் மனம் நோகக்கூடாது, சாமிக்கும் குறை வரக்கூடாது. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு நானும் கிளப்புக்குப் போனேன். என் வேலை தொலைநோக்கியால் இலக்கைப் பார்த்து, குண்டு எங்கே பட்டது என்று சொல்வது. ஒவ்வொரு முறை சுடும்போதும் பிஸ்டலின் மேற்பகுதி தானாகப் பின்னால் ஓடி, வெற்றுக் கோதை வெளியே எறிந்துவிட்டு, முன்னால் வரும்போது அடுத்த ரவையை ஏற்ற வேண்டும். அன்று பாதி தூரம் போய் நின்றுவிட்டது. அத்தான் துடைத்தார், எண்ணெய் விட்டார். மறுபடியும் பாதி.

பக்கத்தில் நின்று சுடுகிறவர் ஓய்வுபெற்ற இறைச்சிக் கடைக்காரர். அத்தானை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார். மருந்தாளர் என்று திருத்தி அத்தான் களைத்துவிட்டார். "டாக்டர், உன்னுடைய பிஸ்டலுக்குத் தடிமன், மூக்கடைப்பு. மருந்து கொடுத்தாயா?" என்று கேட்டார்.

அத்தான் யோசித்தார். வெடிமருந்தில் பிழை இருக்க முடியாது. அதைத் தராசில் நிறுத்தவர் அவர். ஆகவே ஸ்பிரிங்கில் பிழை. அந்த வாரம் முழுக்கக் கராஜில் இருந்து, இளகிய ஸ்பிரிங் ஒன்றைத் தேர்ந்து போட்டார்.

அதற்கு அடுத்த ஞாயிறு அத்தான் தன் வாழ்க்கையிலேயே சிறந்த புள்ளியை எடுத்தார். எங்களுக்குத் தெரியாமலே குறைந்திருந்த மருந்து, இளகிய ஸ்பிரிங். பிஸ்டல் கையில் துள்ளவே இல்லை. கோதுகள் மெதுவாக வெளியே வந்து, பிள்ளைகள் சறுக்குமரத்தில் இறங்குவது போல அவர் காலடியில் விழுந்தன. இறைச்சிக் கடைக்காரர் தன் சுடுதலை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். வீடு திரும்பும் வழியில் அத்தான், ஸ்பிரிங் பற்றி மனிதகுலத்துக்கு இன்னும் சரியாகத் தெரியாது என்றார். நான் சோபாவை நினைத்துக்கொண்டேன்.

பிறகு தீபாவளி வந்தது. அக்கா வீடு முழுக்கக் கழுவினாள்.

அடுத்த ஞாயிறு முதலாவது வெடியிலேயே கோது பறந்துபோய் இறைச்சிக் கடைக்காரரின் சட்டைக் கழுத்துக்குள் விழுந்தது. சூடான பித்தளை. அவர் பிஸ்டலை முறைப்படி மேசையில் வைத்தார், வாயை இலக்கின் பக்கமே வைத்து, விரலை விசையில் படவிடாமல். அதற்குப் பிறகுதான் ஆடத் தொடங்கினார். இரண்டாவது கோது அவருடைய தேநீருக்குள் போனது. அத்தானின் கை ஒவ்வொரு வெடிக்கும் கூரையைப் பார்த்தது. புள்ளிகளை நான் சொல்லச் சொல்ல, என் குரலில் சந்தோசம் தெரிகிறதா என்று அவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

தெரிவுக்கு அதிக நாள் இல்லை. திங்கட்கிழமை குசினி மேசையில் பிஸ்டலின் பாகங்கள் பழைய பேப்பரில் பரவிக் கிடந்தன. நல்ல நாளில் சுட்ட ரவைகளில் ஒன்றாவது மிச்சமிருந்தால் திறந்து நிறுத்துப் பார்க்கலாம். ஒன்றும் மிச்சமில்லை.

"ஸ்பிரிங் அதேதான். குண்டு அதேதான். மருந்து அதே போத்தில்," என்றார் அத்தான்.

எனக்குப் பத்திரிகைப் பழக்கம். "அந்த ஞாயிறுக்கும் இந்த ஞாயிறுக்கும் இடையில இந்த வீட்டில என்ன மாறினது?" என்று கேட்டேன்.

"ஒண்டும் மாறேல்லை," என்றார் அத்தான்.

தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்கா திரும்பாமலே சொன்னாள். "திரை தோய்ச்சனான். படங்களைத் துடைச்சனான். உங்கட தராசுத் தட்டில பொட்டுக் காய்ஞ்சு கிடந்தது, அதையும் கழுவினனான்."

அத்தான் கையிலிருந்த ஸ்பிரிங்கைப் பேப்பரில் வைத்தார்.

"என்ன பொட்டு?" என்றார் அத்தான்.

அக்கா சொன்னாள். தட்டின் அடியில் பொட்டு இருந்தால் அதன் பாரத்தையும் தராசு மருந்தென்று எண்ணிக்கொள்ளும்; அவ்வளவு மருந்து குறையும். இதை மருந்தாளருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கத்துவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் எழுந்துபோய்த் தராசைக் கொண்டுவந்து அக்காவுக்கு முன்னால் வைத்தார்.

"இஞ்சாரும், அதே மாதிரி ஒண்டு வையும்."

"அத்தான், பழைய ஸ்பிரிங்கைத் திருப்பிப் போட்டா எல்லாம் முந்தின மாதிரி வரும்தானே," என்றேன்.

"முந்தின மாதிரி நான் அஞ்சாவது. உமக்கு அறை வேணுமெண்டா நேரடியாக் கேளும்."

அந்தப் பொட்டின் எடை என்ன என்பதுதான் கேள்வி. அக்கா சந்தனம் உரைத்துத் தட்டின் அடியில் பொட்டு வைப்பாள். ஹீட்டரில் காய வைத்து அத்தான் நிறுப்பார். துடைப்பார். மறுபடி வைப்பாள். ஒன்று மற்றதைப் போல வரவில்லை. அத்தானின் நெற்றியில் வேர்த்தது.

"ஒரே அளவில வைக்கத் தெரியாதே?"

"பொட்டென்ன குளிசையே? அண்டைக்குச் சாமியை நினைச்சு வைச்சன். இண்டைக்கு உங்களை நினைச்சு வைக்கிறன். பாரம் கூடத்தான் வரும்."

மூத்த மகள் வந்து பார்த்து, ஆங்கிலத்தில், இது சட்டப்படி சரியா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

தெரிவுக்கு முந்தின சனிக்கிழமை காலை, அக்கா எங்கள் இருவரையும் குசினிக்கு வெளியே போகச் சொன்னாள். தலை முழுகி, விளக்கேற்றி, தராசுத் தட்டை எடுத்தாள். கதவைச் சாத்துமுன் என்னைப் பார்த்தாள்.

"தம்பி, நீ பாவம். ஆனா அதுக்காகப் பொட்டைப் பிழையா வைக்கேலாது."

"நான் ஒண்டும் சொல்லேல்லையே அக்கா."

"முகம் சொல்லுது."

வெளியே வந்த தட்டை அத்தான் நிறுக்கவில்லை. நிறுத்தால் எண் தெரிந்துவிடும். தெரிந்தால் சந்தேகம் வரும் என்றார். அப்படியே கொளுவி, மறுநாளுக்கான ரவைகளைச் செய்து முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் வந்தாள், முதல் தடவையாக. சேலை, அதன் மேல் அத்தானின் மழைக்கோட். இறைச்சிக் கடைக்காரர் காதுமூடி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கொண்டைக்கு மேலால் அது ஏறவில்லை. தாடைக்குக் கீழால் மாட்டிக்கொண்டாள். முதல் சுற்று முடிந்ததும் தொலைநோக்கியில் பார்க்க இடம் கேட்டாள்.

"நடுவில ஒரு பெரிய ஓட்டைதான் கிடக்கு," என்றாள் கவலையோடு. "மற்றக் குண்டெல்லாம் எங்கை போனது?"

"எல்லாம் அந்த ஓட்டைக்குள்ளதான் அக்கா."

அவள் அத்தானின் முதுகைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு மழைக்கோட்டின் பொத்தான்களைப் போடத் தொடங்கினாள்.

இரண்டாவது சுற்றில் அத்தான் ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் திரும்பி அக்காவைப் பார்க்கத் தொடங்கினார். கோதுகள் ஒழுங்காகக் காலடியில்தான் விழுந்தன. பிஸ்டலில் குறை இல்லை. யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் குறை. கடைசிச் சுற்றில் இரண்டு குண்டுகள் கறுப்பு வட்டத்துக்கு வெளியே போயின. நான் அவற்றையும் உள்ளது உள்ளபடி சொன்னேன். இறைச்சிக் கடைக்காரர் கடைசி இலக்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றி, வெயில் பட்ட இடத்தில் உட்கார்ந்தார்.

கிளப் தலைவர் சுண்ணக்கட்டியால் பலகையில் நான்கு பெயர்களை எழுதினார். நான்காவதை எழுதும்போது எழுத்துக்கூட்டலைத் திரும்பி அத்தானிடம் கேட்டார். அத்தான் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார், மிகவும் மெதுவாக. ஐந்தாவது ஆள் இறைச்சிக் கடைக்காரர். அவர் எழுந்து வந்து அக்காவின் கையைக் குலுக்கி, டாக்டரைக் கவனமாகப் பார்த்துக்கொள் என்றார்.

பக்குரங்கா வந்ததும் அத்தான் காரை வழக்கம்போல வெளியே நிறுத்தினார். அக்கா இறங்கி, கராஜ் யன்னலுக்கென்று அளந்து வெட்டி வைத்திருந்த திரைத் துணியை எடுத்துக் குசினி யன்னலுக்கு மாட்டினாள். அது நீளம் கூட. அடியை மடித்துத் தைத்தாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை நான் ஆக்லாந்தின் மறுபக்கம், சான்ட்ரிங்ஹாமில், ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இருந்த அறைக்குக் குடிபோனேன்.